டெஸ்டர் அண்ணனும் திங்கட்கிழமை சர்வரும்

திண்டுக்கல் ஜில்லாவிலேயே யார் என்ன சொன்னாலும் நம்பாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் நூல் மில்லின் வயர்மேன்தான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் டெஸ்டர் வைத்திருப்பார். மஞ்சள் பிடி, அதற்குள் ஒரு பொடி விளக்கு. கரண்ட் பட்டால் அது சிவப்பாக எரியும். அந்த டெஸ்டரால் தொட்டுப் பார்க்காமல் அவர் இந்த உலகத்தில் எந்தச் சாமானையும் கையால் தொட்டதில்லை. அவருடைய சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி முதலாளி முதல் கேண்டீன் மாஸ்டர் வரை எல்லாருக்கும் அவர் டெஸ்டர், வயதில் சின்னவர்களுக்கு டெஸ்டர் அண்ணன். ஒரு தடவை அவருடைய சம்சாரமே மில்லுக்கு போன் போட்டு, "டெஸ்டரு இருக்காகளா?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். டீ கிளாஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனோம். பிரியாணி வந்ததும் டெஸ்டரை உருவி எவர்சில்வர் தட்டின் விளிம்பில் வைத்தார். பக்கத்து மேஜைக் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. "அண்ணே, பிரியாணில எப்படிண்ணே கரண்டு வரும்?" என்றேன். "வராதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை என்பதால் நானும் பேசாமல் சாப்பிட்டேன். காலையில் "குட் மார்னிங்ணே" என்று சொன்னால்கூட, ஜன்னல் பக்கம் போய் வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வந்துதான், "ஆமப்பு, மார்னிங்தான்" என்பார்.

சிரித்துக்கொண்டேதான் இருந்திருப்போம். நடுவில் எங்கள் டைப்பிஸ்ட் பெண்ணின் கல்யாணம் வந்தது. சின்னாளபட்டியில் மண்டபம். மேனேஜர் வாழ்த்திப் பேசுவதற்காக மைக்கைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டார். "சார், செத்த பொறுங்க" என்று மேடையில் ஒரு குரல். டெஸ்டர் அண்ணன் ஏறி வந்து, மணமக்களுக்கு நடுவே புகுந்து, மைக் கம்பியில் டெஸ்டரை வைத்தார். விளக்கு குங்குமப் பொட்டு மாதிரி எரிந்தது. மைக்செட்காரர் ஓடி வந்து வயரைப் பிடுங்கினார். மேனேஜர் வாழ்த்துரையை மைக் இல்லாமலே, ஒரே வரியில், மேடைக்கு ஓரமாக நின்று முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு டெஸ்டர் அண்ணனை யாராலும் தடுக்க முடியவில்லை.

இனி என் பெருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன் நான். சர்டிபிகேட்டை லேமினேட் செய்து, மில்லில் என் அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தேன். மில்லில் இருந்தவை மொத்தம் ஒன்பது கம்ப்யூட்டர்கள். அவற்றை ஆள்வதற்காக என்னை எடுத்தார்கள். 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று நானாகவே விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். நூறு கார்டு. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கொடுத்தும் அறுபது மிச்சம் இருந்தது. ஒரு காலத்தில் பஞ்சு சாம்பிள் வைத்திருந்த அறைக்கு ஏ.சி. போட்டு, நடுவில் சர்வரை வைத்து, பக்கத்தில் என்னையும் வைத்தார்கள். சர்வர் வேலை பார்த்தது, நான் குளிர்ச்சியாக இருந்தேன்.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காக இங்கே ஒரு பாரா. தெரிந்தவர்கள் என் அறிவை எடைபோடாமல் தாண்டிப் போய்விடுங்கள். ஒரு கம்ப்யூட்டர் கண் விழித்ததும் வயர் வழியாக ஒரு கூப்பாடு போடும்: "நான் வந்துட்டேன், எனக்கு ஒரு நம்பர் கொடுங்க!" மறுமுனையில் இருக்கும் பெட்டி நம்பர் கொடுக்கும். சொல்லி வைத்திருந்தால் கூடவே ஒரு பேரும் கொடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பேர். எங்கள் சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒரு வயர் ஆபீஸுக்குப் போனது, ஒரு வயர் நூல் ஓடும் ஷெட்டுக்குப் போனது. ஆபீஸ் பெட்டியில் நானே உட்கார்ந்து, சர்வருக்கு 'மலைக்கோட்டை' என்று பேர் எழுதி வைத்தேன். ஷெட் பெட்டி கோயமுத்தூரிலிருந்து மெஷின்களோடு வந்தது. அதை வைத்தவர்கள் எங்கள் சர்வரை 'நோடு பன்னிரண்டு' என்று குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கோர்ஸில் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்த அன்றைக்கு நான் மதுரைக்கு சினிமா பார்க்கப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்ப ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தோம். அது சர்வரின் பேரைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். மலைக்கோட்டை என்றால் கேட் பாஸ் அடித்துத் தரும். வேறு பேர் என்றால், இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில் சர்வரின் பேர் நோடு பன்னிரண்டு என்று மாறியிருந்தது, சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. நான் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தபோது ஏழு லாரிகள் கேட்டில் நின்றன. எங்கள் மேனேஜர் ஒட்டன்சத்திரத்துக்காரர். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"வாங்க தம்பி. லாரிக்காரங்க எல்லாம் உங்களத்தான் பார்க்கோணுமுன்னு நிக்கறாங்க. செத்த பாத்து வுட்டீங்கன்னா புண்ணியமுங்க."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: ரீஸ்டார்ட். ஆனால் அதை எல்லார் முன்னாலும் செய்தால் தொழிலுக்கு மரியாதை இல்லை. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, பட்டனை அமுக்கிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். ஐந்து நிமிஷம் அது தன் வயிற்றைத் தானே சோதித்துக்கொண்டு எழுந்தது. பேர் பழையபடி மலைக்கோட்டை. கைக்குட்டையால் ஏ.சி. அறையில் வராத வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "முடிஞ்சிருச்சு சார். கொஞ்சம் சிக்கலான கேஸு." மேனேஜர் எனக்கு டீ சொன்னார்.

ஒரு தடவையோடு நின்றிருந்தால் நானும் மேதையாகவே ஓய்வு பெற்றிருப்பேன். அடுத்த திங்கள் ஒழுங்காக ஓடியது. அதற்கடுத்த திங்கள் மறுபடி நோடு பன்னிரண்டு. பிறகு இரண்டு வாரம் ஒன்றும் இல்லை, பிறகு தொடர்ந்து இரண்டு வாரம் தகராறு. மூன்று மாதம் இப்படியே போனது. திங்கள் தவிர மற்ற நாளில் வராது, எல்லாத் திங்களும் வராது. நான் வைரஸ் என்று சொல்லிப் பார்த்தேன், வோல்டேஜ் என்று சொல்லிப் பார்த்தேன், பஞ்சுத் தூசி என்று சொல்லி இரண்டு நாள் சர்வரைத் துடைத்தேன். கடைசியில் ஒரு தகராறுத் திங்கள் அன்று முதலாளியே வந்து என் அறை வாசலில் நின்றுவிட்டார்.

"என்னப்பா காரணம்?"

தெரியலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்டிபிகேட் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, "யாரோ பேரை மாத்துறாங்க சார்" என்றேன்.

"யாரு?"

"கண்டுபிடிச்சுச் சொல்றேன் சார்."

சொன்ன வாய்க்கு வேலை வேண்டுமே. கேட்டுக்குப் போய், மூன்று மாதத்து வருகைப் பதிவேட்டை வாங்கி வந்து உட்கார்ந்தேன். கோர்ஸில் காட்டாத அக்கறையை அதில் காட்டினேன். மில்லுக்கு இரண்டு வாசல். முன்வாசல் திண்டுக்கல் ரோட்டில், ஆபீஸை ஒட்டி இருந்தது. பின்வாசல் ரயில் தண்டவாளம் பக்கம், ஷெட்டை ஒட்டி இருந்தது. சர்வர் பேர் மாறிய ஒவ்வொரு திங்களும் ஒரே ஒரு ஆள் மட்டும் காலை ஆறரைக்குப் பின்வாசல் வழியாக வந்திருந்தார். பேர் மாறாத திங்களில் அதே ஆள் முன்வாசல் வழியாக வந்திருந்தார். ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. அந்த ஆள் டெஸ்டர் அண்ணன்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிவப்பு மையால் கோடு போட்டு, அட்டவணை எழுதி, மேனேஜர் மேஜையில் வைத்தேன். அந்த மனிதர் எதற்காக சர்வர் பேரை மாற்ற வேண்டும், அவருக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியுமா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. துப்புத் துலக்குகிற சந்தோஷம் அப்படி. மேனேஜர் அட்டவணையைப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அதையும் பார்த்தார். "பதினோரு வருசமா டெம்ப்ரவரியா இருக்கறாருங்க. இந்த மாசம் பெர்மனென்ட் ஆர்டர். கையெழுத்துதான் பாக்கிங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் காகிதத்தைத் திரும்ப இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அடுத்த வியாழக்கிழமை விசாரணை என்றார். அந்த ஆர்டர் விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். இருந்தும் அட்டவணையைத் திருப்பிக் கேட்காமல் என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் டெஸ்டர் அண்ணன் என் அறைக்கு வந்தார். கதவுப் பிடியை டெஸ்டரால் தொட்டார். பிறகு சர்வரைத் தொட்டார். விளக்கு எரியவில்லை. கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பு, நான் இதோட பேர மாத்துறேன்னு நீ சொன்னியாமே?"

"அண்ணே... ரிஜிஸ்டர்ல அப்படித்தாண்ணே வருது."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அவர் தாடையைச் சொறிந்தார். "பின்கேட்டு வழியா வாரது நெசந்தான். கோடைரோட்டுல மகளுக்குப் புள்ள பெறந்து மூணு மாசமாச்சு. ஞாயித்துக்கெழம போயி பேத்தியப் பாத்துட்டு, விடிய பாசஞ்சர்ல வந்து அம்பாத்துரைல எறங்குவேன். அங்கிட்டிருந்து பின்கேட்டுதான் கிட்டக்க. அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியலண்ணே." மூன்று மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது.

"அப்ப நீ சொல்றதையும் நம்பக்கூடாது, நான் மாத்தலன்னு நான் சொல்றதையும் நம்பக்கூடாது. வார திங்கக்கெழம நான் வாரதுக்கு முந்தி நீ வந்து இந்தப் பெட்டி முன்னால உக்காரு. என்ன நடக்குதுன்னு பாத்துப்புடுவோம்."

அந்தத் திங்கள் காலை ஆறு மணிக்கு மில்லுக்குப் போனேன். அப்படி ஒரு மணி காலையிலும் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஞாயிறு முழுவதும் மில்லில் கரண்டை நிறுத்தி வைப்பார்கள். திங்கள் வந்து ஆபீஸ் போர்டையும் ஷெட் போர்டையும் போட்டுவிடுவது டெஸ்டர் அண்ணன் வேலை. எந்த வாசல் வழியாக வருகிறாரோ அந்தப் பக்கத்துப் போர்டை முதலில் போடுவார். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷ நடை. அவருக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு போர்டைப் போட்டதும் கரண்ட் எங்கேயாவது கசிகிறதா என்று சைக்கிள் ஸ்டாண்டு, குழாய், இரும்பு பெஞ்சு, கேண்டீன் கதவு என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே அல்லவா வர வேண்டும். கேண்டீன் பூனையையும் தொட்டதாகக் கேள்வி. பூனை தரப்பிலிருந்து மறுப்பு வரவில்லை.

இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஏ.சி. உறுமியது, சர்வர் எழுந்தது. கரண்ட் வந்தால் அது தானாக எழும்படி நான்தான் வைத்திருந்தேன், காலையில் சீக்கிரம் வர வேண்டாமே என்று. மானிட்டரில் வெள்ளை எழுத்தில் வரிகள் ஓடின. இரண்டு வருஷமாக அந்த வரிகள் ஓடும் நேரத்தில் நான் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வேறு வழியில்லாமல் படித்தேன். முதல் கார்டு ஆபீஸ் பக்கம் கூப்பாடு போட்டது. பதில் இல்லை. ஒரு நிமிஷம் காத்திருந்து, 'கிடைக்கவில்லை' என்று எழுதியது. இரண்டாவது கார்டு ஷெட் பக்கம் கூப்பிட்டது. உடனே பதில் வந்தது. கடைசி வரியில் சர்வர் தன் பேரைச் சொன்னது: நோடு பன்னிரண்டு.

பின்வாசல் வழியாக வந்த டெஸ்டர் அண்ணன் அப்போதுதான் இரும்பு பெஞ்சு வரைக்கும் வந்திருந்தார். ஓடிப்போய் அவரை நிறுத்தினேன்.

"அண்ணே, என் ரூமுக்குக் கரண்டு எந்தப் போர்டுல இருந்து வருது?"

"ஷெட்டு போர்டுதான். முன்ன பஞ்சு வச்சிருந்த ரூமுல்ல? லைன மாத்தவே இல்ல. ஆபீஸ் போர்ட இன்னும் போடலயே, ஆனா ஒன் ரூமு எரியுது பாரு."

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இந்த முறை ஆபீஸ் போர்டை முதலில் போடச் சொன்னேன். ஆபீஸ் பெட்டி விழித்துத் தயாராக உட்கார்ந்திருந்தது. பிறகு ஷெட் போர்டைப் போட்டார், சர்வர் எழுந்தது, ஆபீஸ் பக்கம் கூப்பிட்டது, பதில் வந்தது. மலைக்கோட்டை. ஒன்பது மணிக்கு நான் ரீஸ்டார்ட் செய்தபோதெல்லாம் பேர் சரியானதும் ஆபீஸ் பெட்டி அதற்குள் விழித்திருந்ததால்தான். எந்தப் பக்கத்துப் பெட்டி முதலில் பதில் சொல்கிறதோ அந்தப் பேர்தான் சர்வருக்கு. ஏனென்றால் அதற்கென்று சொந்தமாக ஒரு பேர் இல்லை. சர்வரை நிறுவியபோது, 'பேரை நீங்கள் எழுதுகிறீர்களா, தானாக வாங்கிக்கொள்ளட்டுமா?' என்று அது என்னிடம் பணிவாகக் கேட்டிருந்தது. 'தானாக' என்பதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எழுத வேண்டிய வேலை மிச்சம் என்று நினைத்தேன். மலைக்கோட்டை என்ற பேரை ஆபீஸ் பெட்டியில் எழுதினேனே தவிர, அதற்கு உரிய சர்வரில் எழுதவே இல்லை.

"கரண்டுல கோளாறு இல்ல" என்று டெஸ்டர் அண்ணன் திருப்தியாகச் சொன்னார். "வேற என்னன்னு நீ பாத்துக்க." போய்விட்டார். கோளாறு யார் என்று அவர் கேட்கவில்லை.

சர்வருக்குள் போய் அதன் பேரை என் கையால் எழுதினேன். இனி எந்தப் பக்கம் எந்தப் பேரைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதே என்றும் சொல்லி வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. எழுந்து நின்ற பிறகுதான் நான் செய்து வைத்திருக்கும் காரியம் எனக்கே புரிந்தது. இனிமேல் பேர் மாறவே மாறாது. டெஸ்டர் அண்ணன் எந்த வாசலில் வந்து காட்டினாலும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. அவர் பக்கம் இருந்த ஒரே சாட்சியை நான் அழித்துவிட்டேன். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால், 'விசாரணை என்றதும் பயந்து நிறுத்திவிட்டான்' என்று ஊரே சொல்லும். எனக்கு டீயும் வரும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் அதைத்தான் யோசித்தேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிக்கொள்வதாகத்தான் முடிவு.

வியாழக்கிழமை மேனேஜர் அறையில் டெஸ்டர் அண்ணன் துவைத்த சட்டையோடு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேனேஜர் அட்டவணையை விரித்து, "இதுக்கு என்னங்க சொல்றீங்க?" என்றார்.

"எனக்குக் கம்ப்யூட்டரு தெரியாதுங்க சார். தம்பிக்குத் தெரியும். தம்பி என்ன சொல்லுதோ எழுதிக்கங்க."

திருட்டு முழி முழித்தேன். அவரைப் பார்க்காமல் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். பார்த்துவிட்டேன். பதினோரு வருஷ வேலை என் வாயில் இருப்பது தெரிந்தும் அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். "சார், தப்பு என்னோடது" என்று சொன்னேன். தொடங்கிய பிறகு எல்லாம் கொட்டிவிட்டது.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க தம்பி, அப்ப அந்த மெசினுக்கு அதோட பேரு அதுக்கே தெரியாதுங்களா?"

"தெரியாது சார். யாரு முதல்ல சொல்றாங்களோ அதான்."

"நீங்க எழுதி வெச்சிருக்கலாமுங்களே?"

"வெச்சிருக்கலாம் சார்."

"எத்தன நேரமுங்க ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் சார்."

மேனேஜர் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். மூன்று மாதம் கிழித்திருந்தார்கள். "ரொம்ப நல்லதுங்க. நாளையில இருந்து தாங்கள் வர வேண்டாமுங்க" என்றார். தாங்கள் என்று என்னை யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் கூப்பிட்டதில்லை.

நான் எழுந்துவிட்டேன். டெஸ்டர் அண்ணன் நகரவில்லை.

"சார், அந்தப் பயல அனுப்பாதீக. தப்ப ஒத்துக்கிட்டதுக்கு வேல போச்சுன்னா, அடுத்து வாரவன் எதையும் ஒத்துக்க மாட்டான். பெறகு நான் பேத்தியப் பாக்கப் போறப்பல்லாம் என்னையத்தான் கூப்பிட்டு நிறுத்தி வச்சுக் கேப்பீக."

மேனேஜர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். என் அட்டவணையைக் கிழித்துக் கூடையில் போட்டார். எனக்குத் தண்டனை, ஒரு மாதம் கேட்டில் நின்று கேட் பாஸ் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும், தினமும் காலை ஆறு மணியிலிருந்து.

வெளியே வந்ததும், "சாப்டியா?" என்றார் டெஸ்டர் அண்ணன். இல்லை என்று தலையை ஆட்டினேன். கேண்டீனுக்குக் கூட்டிப் போனார். சோறு வந்தது. மன்னிச்சிருங்கண்ணே என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, "விடு அப்பு, வெஞ்சனம் ஆறுது, தின்னு" என்று தன் தட்டிலிருந்த அவிச்ச முட்டையை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார். பிறகு பேத்தி இப்போதெல்லாம் ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தார். முட்டையில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் திரும்ப வைத்தேன்.

அந்த மில்லில் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தேன். பிறகு வேறு ஊர்கள், வேறு ஆபீஸ்கள். மரியாதைக்காகவும் காரியத்துக்காகவும் எத்தனையோ பேரை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறேன். மனசாரக் கூப்பிட்டது அவர் ஒருவரைத்தான்.